கார் திடீரென்று புகைத்தால்: நேற்று அதில் யார் கை வைத்தார்கள்?

யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டியதும் பின்னால் வந்த ஓட்டோக்காரர் விடாமல் ஹோர்ன் அடித்தார். முந்துவதற்கு வழி கேட்கிறார் என்று ஓரம் எடுத்துக் கொடுத்தேன். அவர் முந்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் வீதியே இல்லை. சந்தை, கடைகள், சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நீலம் கலந்த வெள்ளைப் புகைக்குள் போயிருந்தார்கள். அது என்னுடைய ஆல்ட்டோ காரின் வேலை.

நிறுத்தினேன். ஓட்டோக்காரரும் இறங்கி வந்தார். "எஞ்சின் முடிந்தது அக்கா, இறக்கித்தான் செய்ய வேண்டும்" என்றார், செத்த வீட்டுக்கு வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. முந்தின நாள் ஒயில் மாற்றிய கராஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கேயும் அதே பேச்சு: "ரிங் போயிருக்கும் அக்கா, கொண்டு வாருங்கள், எஞ்சினை இறக்கிப் பார்ப்போம்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஒயிலை எரியும் அறைக்குள் விடாமல் தடுக்கும் வளையம். காரைக் கண்ணால் பார்க்காமலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

மூன்றாவதாக அப்பாவுக்கு எடுத்தேன். அப்பாவுக்கு வயது 79. இளமையில் ஓஸ்ரின் ஏ40 ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். கோண்டாவில் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே மூன்று கேள்விகள் கேட்டார். என்ன நிறம்? எப்போது வருகிறது, காரை எடுத்த உடனேயா, ஓடும்போதா, அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து மறுபடி அமத்தும்போதா? நேற்று அதில் யார் கை வைத்தார்கள்? "மூன்றாவதை முதலில் சொல்லு பிள்ளை" என்றார்.

சொன்னேன். காரைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுக்கச் சொன்னார். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒயில் நின்றது. ஏறக்குறைய மூன்று லீற்றர் கொள்ளும் எஞ்சினுக்குள் கராஜ் பையன் நான்கு லீற்றர்க் கலனைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்திருக்கிறான். அளவுக்கு மேல் நிற்கும் ஒயிலைச் சுழலும் தண்டு மோர் கடைவது போல அடித்து நுரையாக்கும். அந்த நுரையும் ஆவியும் எஞ்சின் மூச்சுவிடும் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும் பக்கத்துக்கு ஏறி, பெற்றோலோடு சேர்ந்து எரிந்து, சந்தியை மறைக்கும். அடியில் உள்ள ஆணியைத் தளர்த்தி மேலதிக ஒயிலை இறக்கிவிட்டோம். இரண்டு கோடுகளுக்கும் இடையில் மட்டம் வந்தது. குழாய்களிலும் சைலன்சருக்குள்ளும் தங்கியிருந்தது எரிந்து முடியும் வரை மேலும் சில கிலோமீற்றருக்குப் புகை இருந்தது, பிறகு இல்லை. ரிங்குகள் இன்றும் பழைய ரிங்குகள்தான்.

நான் மருந்தாளர். உடம்பெல்லாம் தடித்துச் சொறிந்துகொண்டு வருபவரிடம் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, நேற்று புதிதாக என்ன விழுங்கினீர்கள் என்பதைத்தான். காருக்கும் அதே கேள்வி பொருந்தும் என்று அன்றுதான் உறைத்தது. எஞ்சின் தேய்வது மெதுவாக நடக்கிற காரியம். ரிங்கும் வால்வு ரப்பரும் பழுதாகும் கார் மாதக்கணக்கில் ஒயில் குடித்துக்கொண்டே வரும், புகையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நேற்று வரை சுத்தமாக ஓடிய கார் இன்று வீதியை மறைத்தால், நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது: ஒயில் மாற்றியிருக்கலாம், புது இடத்தில் எண்ணெய் (பெற்றோலோ டீசலோ) அடித்திருக்கலாம், வெள்ளத்துக்குள் விட்டிருக்கலாம், எஞ்சின் கொதித்திருக்கலாம், ஒரு குழாய் கழன்றிருக்கலாம். அதைக் கண்டுபிடித்த பிறகு எஞ்சினைக் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

வீதியில் புகை கண்டவுடன் செய்ய வேண்டியது சொற்பம். ஓரமாக நிறுத்துங்கள். வெப்பமானியின் முள்ளையும் சிவப்பு ஒயில் விளக்கையும் பாருங்கள். முள் மேலே ஏறியிருந்தாலோ விளக்கு எரிந்தாலோ எஞ்சினை நிறுத்திவிடுங்கள். "வீடு கிட்டத்தானே" என்று மறுபடி எடுக்க வேண்டாம். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வளைவதற்கு அந்த இரண்டு கிலோமீற்றர் தாராளம். இறங்கி, புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பொனற் விளிம்பால் வருவது பெரும்பாலும் ரேடியேற்றர் நீராவி, அல்லது சூடான குழாயில் வடிந்த ஒயில் பொசுங்குவது. சக்கரத்தடியில் வருவது இறுகிப்போன பிரேக். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மறந்துபோய் மானிப்பாய் வரை போன ஒருவரை எனக்குத் தெரியும்; அவரும் எஞ்சின் முடிந்தது என்றுதான் அழுதார். பின்னால் சைலன்சர் வாயிலிருந்து வருவதைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறேன்.

நிறம் பார்க்கும்போது கண்ணை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வெயிலில் நீலமும் வெள்ளைபோலத் தோன்றும். வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்து, எஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்க, சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். குழாயைத் தொட்டுவிடாதீர்கள், கை வெந்துபோகும். கடதாசி நனைந்து பிறகு வெயிலில் காய்ந்து சுத்தமாகிவிட்டால் அது தண்ணீர். காய்ந்த பிறகும் வடை வைத்த தாள்போலப் பளபளத்தால் ஒயில். கரி படிந்தால் முழுதாக எரியாத பெற்றோல் அல்லது டீசல். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். போர்ட்டிகோவுக்குள்ளோ மூடிய கொட்டிலுக்குள்ளோ செய்தால், புகையோடு வரும் காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைச் சரித்துவிடும்.

வெள்ளையில் பயப்பட வேண்டாததும் ஒன்று இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் குளிர்ந்து கிடந்த காரை எடுத்தால் மெல்லிய வெள்ளை ஆவி வரும், குழாய் நுனியில் தண்ணீர் சொட்டும். பெற்றோல் எரிந்தால் நீராவி உண்டாகும்; அது குளிர்ந்த குழாயில் படிகிறது, அவ்வளவுதான். குழாய் சூடாகி ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிடும். வெளியே வந்த உடனேயே காற்றில் கரைந்தும் போய்விடும்.

கரையாமல் திரண்டு தொங்கும் வெள்ளை, எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளை, அது வேறு. குளிரவைக்கும் தண்ணீர் எஞ்சினின் எரியும் அறைக்குள் போகிறது என்று அர்த்தம். ஹெட்டின் அடியில் இருக்கும் தகடான ஹெட் காஸ்கற் எரிந்திருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். டீசல் வாகனங்களிலும் சில ஹைபிரிட் கார்களிலும், புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்கு அனுப்பும் சிறு குளிர்ப்பான் ஓட்டையாகியிருக்கலாம். இனிப்பு மணம் வருகிறதா என்று மோந்து பார்க்கும்படி எங்கும் சொல்வார்கள். உண்மைதான், ரேடியேற்றருக்கு விடும் குளிர்திரவமான கூலன்றில் உள்ள கிளைக்கோல் எரிந்தால் அப்படி மணக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பாதிக் கார்களின் ரேடியேற்றருக்குள் கூலன்ற் எங்கே இருக்கிறது? கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் எரிந்தால் இனிக்காது. மணம் இல்லை, ஆகவே காஸ்கற் நல்லது என்று முடிவுகட்டி ஹெட்டைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் உண்டு.

இந்த இடத்தில் நான் சற்று நின்று கோபப்பட வேண்டும். நாங்கள் சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருக்கிறோம். குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அந்த வெள்ளை ஓடு ரேடியேற்றரின் குச்சிக் குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும், கொதித்தால் ஹெட் வளையும், வளைந்தால் காஸ்கற் விடும், பிறகு வெள்ளைப் புகை. தவணை முறையில் வாங்கிய வருத்தம் இது. அத்தானின் வான் வண்டிக்கு நடந்தது இதிலும் மோசம். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியே வரும்போது பரந்தனில் கொதித்து நின்றது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிய குளிர்ந்த தண்ணீரை, கொதிக்கும் எஞ்சினுக்குள் வாளியோடு ஊற்றினார். ஊற்றியதும் வண்டி கொஞ்சத் தூரம் ஓடியது, ஆனையிறவு தாண்டியதும் பின்னால் வெண்மேகம். கழற்றிப் பார்த்தபோது ஹெட்டில் மயிரிழை வெடிப்பு. பிறகு வெட்டி எடுத்த பழைய ரேடியேற்றரை அப்பா எனக்குக் காட்டினார்; குழாய் வாய்கள் வெற்றிலைக்குப் பூசிய சுண்ணாம்பு காய்ந்தது போல அடைத்துக் கிடந்தன. கூலன்ற் வாங்கக் காசு இல்லாத நாளில், வடிகட்டிய மழைத் தண்ணீரோ பற்றரிக்கு விடும் தண்ணீரோ அவசரத்துக்கு உதவும். கிணறு வேண்டாம்.

தண்ணீர் எரிகிறதா என்று வீட்டிலேயே அறிய வழிகள் இருக்கின்றன. விடியலில், கார் முழுவதும் ஆறியிருக்கும்போது, ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதித்து நின்ற காரென்றால் குறைந்தது ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தண்ணீரை விளிம்பு மட்டும் விட்டு, மூடி திறந்தபடியே எஞ்சினை இயக்கிப் பாருங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வருவது பெரிதல்ல. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அடுத்த நாள், மூடியைப் பூட்டி ஆறிய எஞ்சினை இயக்கி, மேல் ரப்பர்க் குழாயைப் பிடியுங்கள். இன்னும் சூடே ஏறாத ஒரு நிமிடத்துக்குள் அது கல்லாக இறுகினால் அதுவும் அதே சாட்சி. பக்கத்துப் பிளாஸ்ரிக் தாங்கியில் தண்ணீர் மட்டத்தைப் பேனையால் கோடு போட்டு வைத்து, மூன்று நாள் பாருங்கள். வெளியே ஒழுக்கில்லாமல் குறைந்தால் அது உள்ளே போகிறது.

ஒயில் விடும் மூடியின் அடியையும் பார்க்கச் சொல்வார்கள். பால்தேநீர் நிறத்தில் குழம்பாக இருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார்களில், எஞ்சின் சரியாகச் சூடாகாமல் மூடியில் மட்டும் மெல்லியதாக இப்படிப் படியும். கம்பியிலும் அதே நிறம் தெரிந்தால்தான் கலங்க வேண்டும். அப்போது எஞ்சினை இயக்கவே வேண்டாம். அந்தக் குழம்பு சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்குகளைக் காப்பாற்றாது.

வெள்ளைப் புகைக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அபூர்வம், ஆனால் உயிரோடு விளையாடுவது என்பதால் சொல்கிறேன். பிரேக்குக்கு உதவும் பெரிய வட்டக் கலன் எஞ்சினின் உறிஞ்சலால் வேலை செய்கிறது. பிரேக் ஒயிலைத் தள்ளும் சிலிண்டரின் பின் ரப்பர் கிழிந்தால், ஒயில் அந்தக் கலனுக்குள் ஊறி, அங்கிருந்து எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு வெண்புகையாக வரும். சக்கரங்களில் ஒழுக்கு இல்லாமல் பிரேக் ஒயில் குறைகிறது, வெண்புகையும் வருகிறது என்றால் அந்தக் காரை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

டீசலில் கண்ணைக் கரிக்கும் வெள்ளை, டீசல் மணத்தோடு வந்தால், அது எரியாமல் வெளியேறும் டீசல். விடியலில் மட்டும் என்றால் சூடேற்றும் பிளக்குகளைப் பாருங்கள். எந்நேரமும் என்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அது தெளிக்கும் நேரம், சிலிண்டர் அழுத்தம் என்ற வரிசையில் போக வேண்டும்.

நீலத்துக்கு வருவோம். நீலம் என்றால் ஒயில். இதில் சந்தேகம் இல்லை. எந்த வழியால் எரிகிறது என்பதைப் புகை வரும் நேரம்தான் சொல்லும். இரவு முழுவதும் நின்ற காரை எடுத்தவுடன் ஒரு குப்பென்று வந்து பிறகு தெளிந்தால், வால்வுத் தண்டின் ரப்பர்கள் காய்ந்து இரவில் ஒயில் சொட்டியிருக்கிறது. அமத்தி ஓடும்போதெல்லாம் வந்தால் ரிங். காலை எடுத்துச் சற்று ஓடவிட்டு மறுபடி அமத்தும்போது குப்பென்று வந்தால் மறுபடியும் வால்வு ரப்பர். இதைக் கண்டி, நுவரெலியாப் பக்கத்தவர்கள் மலையிறக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு மலை என்று கீரிமலை ஒன்றுதான் உண்டு, அதுவும் பெயரில் மட்டும். ஆகவே நான் பண்ணைப் பாலத்தடிக்குப் போவேன். தீவுப் பக்கம் நீண்டு கிடக்கும் அந்த வெளி வீதியில் வாகனம் குறைந்த நேரம் பார்த்து, மூன்றாம் கியரில் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு எடுத்து, காலை முழுவதும் எடுத்துப் பத்து வரை எண்ணி, மறுபடி அமத்த வேண்டும். கண்ணாடியில் நீங்கள் பார்க்காதீர்கள், நீங்கள் வீதியைப் பாருங்கள். பின் இருக்கையில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவின் மகன் இதற்கென்றே சந்தோஷமாக வருவான், திரும்பும் வழியில் ஐஸ்கிறீம் உண்டு.

இவை எல்லாம் மெல்லக் கூடும் வருத்தங்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரே நாளில் வந்த நீலம் என்றால் கம்பியைப் பாருங்கள், கூடுதலாக விட்டிருக்கிறதா என்று. அது சரியாக இருந்தால் எஞ்சின் மூச்சுவிடும் சிறு வால்வைப் பாருங்கள். பிசிவி என்று கடையில் கேட்டால் தருவார்கள். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலானவை கிலுகிலுக்கும். சத்தமே இல்லாவிட்டால் பிசினாக இறுகியிருக்கிறது. எஞ்சின் வேலைக்குச் சொல்லும் விலையோடு ஒப்பிட்டால் இந்த வால்வின் விலை தேநீர்ச் செலவு. இதை மாற்றிப் பார்க்காமல் ரிங் மாற்றச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ரேர்போ உள்ள வாகனத்தில் திடீரென்று பெரும் நீலப் புகை வந்தால் ரேர்போவின் அச்சுப் பக்கம் ஒயில் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். ரேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிக் கையை விட்டுப் பாருங்கள். மெல்லிய ஈரம் வழக்கம்தான், குளமாக நின்றால் பழுது. டீசல் என்றால் இதில் ஒரு ஆபத்து உண்டு. கசியும் ஒயிலையே எண்ணெயாக எரித்துக்கொண்டு எஞ்சின் தானாக வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கைக் கியர் வாகனமானால், பிரேக்கை முழுப் பலத்தோடு அமத்திக்கொண்டு, மேல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினை நெரித்து நிறுத்த வேண்டும். தானியங்கிக் கியரானால் அந்த வழி இல்லை. எல்லாரையும் இறக்கித் தூரப் போங்கள். பொனற்றைத் திறந்து கையாலோ துணியாலோ காற்று வாயை அடைக்கப் போக வேண்டாம். எஞ்சின் துணியை உள்ளே இழுத்துவிடும். சிதறினால் இரும்பு பறக்கும்.

கறுப்பைப் பற்றி அதிகம் இல்லை. காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் கூடுதல், இரண்டில் ஒன்று. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில் கோடையில் ஓடும் கார்களின் காற்று வடிகட்டியைத் திறந்தால் அரைப் பிடி மண் கொட்டும். அதை முதலில் மாற்றுங்கள். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் உள்ள பழைய கார் என்றால் சோக் இழுத்தபடி நிற்கிறதா, மிதவை ஊசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர்க் கார் என்றால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரைப் பூட்டிப் பார்ப்பதுதான் புத்தி, ஊகம் செய்வது வீண்செலவு. ரேர்போ டீசலில் இழுவையும் போய், "ஸ்ஸ்" என்ற சத்தத்தோடு ஒரே நொடியில் கறுப்பு வந்தால் காற்றுக் குழாய் ஒன்று கழன்றிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. ஒரு கிளிப்பில் முடியும் வேலை.

எண்ணெய் அடித்த அன்றே புகை தொடங்கியதென்றால் எண்ணெயைத்தான் கேட்க வேண்டும். இதில் அப்பாவின் தலைமுறைக்குப் பட்டம் கொடுக்கலாம். 1990க்குப் பின், போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது, குடாநாட்டுக்குள் பெற்றோல் மருந்துபோலத்தான் கிடைத்தது. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். சமையல் எண்ணெய் கலந்தவர்களும் உண்டு. ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அந்தத் தண்டனையைத் தாங்கின. அவற்றின் சிலிண்டர் அழுத்தம் குறைவு, காபரேற்றரும் எளியது. மண்ணெண்ணெய்ப் புகை மணத்தால் இருட்டிலேயே வாகனம் வருவது தெரியும் என்று அப்பா சொல்வார். இன்றைய இன்ஜெக்டர்க் கார் அப்படித் தாங்காது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நிற்கச் சலித்து வீதியோரத்தில் போத்தலில் வாங்கி விட்டவர்கள் பலருடைய கார்கள் அடுத்த நாளே புகைத்து, இழுவையில்லாமல், ஏற்றிப் பிடித்தால் டங் டங் என்று தட்டின. சந்தேகமானால் வெள்ளைத் தாளில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, அடுப்புக்கும் நெருப்புக்கும் எட்டாத இடத்தில் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் பறந்துவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். தங்கினால் தாங்கியை வெறுமையாக்குங்கள். மேலே நல்லதை விட்டுக் கலக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கார்த்திகை வெள்ளத்தில் நின்றுபோன காரை இழுத்து வந்து உடனே சாவி போட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமத்த முடியாது, இணைக்கும் தண்டுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலையும் காற்று வடிகட்டியையும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிறகு சைலன்சருக்குள் நின்ற தண்ணீர் வெள்ளையாக ஆவியாகிப் போவது வழக்கம். கால் மணித்தியாலத்தில் நின்றுவிடும்.

இனி கராஜ். "புகைக்கிறது, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நிறம், வரும் நேரம், கடைசியாக என்ன வேலை நடந்தது, தண்ணீரும் ஒயிலும் எவ்வளவு குறைந்தன என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். வைத்தியரிடம் போகும்போது மருந்துத் துண்டைக் கொண்டு போவதில்லையா? எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொன்னால், அதற்கு முன் மூன்று சோதனைகள் கேளுங்கள். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டட்டும்: ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, ஒயிலில் நனைந்து கறுத்திருந்தால் ஒயில் போகிறது. இரண்டாவது சிலிண்டர் அழுத்தம். சாதாரண பெற்றோல் எஞ்சினில் பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். தனித்தனி அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 வீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ காஸ்கற்றோ. மூன்றாவது, ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை. பெற்றோல் காரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். வேதியியல் படித்தவள் என்பதால் இந்தச் சோதனையில் எனக்குத் தனிப் பாசம்.

காஸ்கற் மாற்றுவதென்று முடிவானால் பழைய காஸ்கற்றைக் கையில் வாங்குங்கள், எங்கே எரிந்தது என்று கறுப்புத் தடம் காட்டும். ஹெட்டின் முகத்தை நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். வளைந்த ஹெட்டின் மேல் புதுக் காஸ்கற் வைத்தால் சில மாதங்களில் அதே பணத்தை மறுபடி கட்டுவீர்கள். வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை நெருங்குகிறது என்று தடித்த ஒயிலையும் புகை நிறுத்தும் மருந்தையும் ஊற்றித் தப்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது காய்ச்சலுக்கு ஐஸ் கட்டி வைத்து வெப்பமானியை ஏமாற்றும் வேலை. எரிந்த ஒயிலும் கூலன்றும் புகைக் குழாயில் உள்ள புகைச் சுத்திகரிப்பானைக் கெடுத்துவிடும். அதன் விலையைக் கேட்டால் காஸ்கற் மலிவு என்று தோன்றும்.

என் காரிலிருந்து இறக்கிய மேலதிக ஒயில் ஒரு லீற்றருக்குச் சற்று மேலாக இருந்தது. வேலிக் கட்டைகளுக்குப் பூசினால் கறையான் ஏறாது என்று அப்பா ஆசைப்பட்டார். நான் விடவில்லை. வேலிக்குப் பக்கத்தில் கிணறு, கிணற்றுக்கு அடியில் ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கல். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. பையன் கவிழ்த்துவிட்டுக் காரின் பின்பெட்டிக்குள் போட்டிருந்த அதே நான்கு லீற்றர்க் கலனுக்குள் ஊற்றி மூடி, மட்டம் தெரியும்படி வெளியில் கோடு போட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் கராஜ் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கராஜ் பையன் கலனில் போட்ட கோட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "அக்கா, ரிங்?" என்று கேட்டான். கார் வெளியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னேன்.